அவளுக்கு நான் வாசித்துக் காட்டாத வரி

ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாதி மட்டும் வாசித்துக் காட்டி, என் மனைவியின் வாயை மூன்று வருடம் அடைத்து வைத்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. மீதிப் பாதியையும் நன்றாகப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் மறைத்தேன்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. மதுரை காளவாசல் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில், ஓர் ஆடி மாதக் காலையில் தொடங்கியது. இதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க. எம்பேரும் வேணாம், ஒங்க பேரும் வேணாம்" என்றாள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை.

எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். ஒலி என்ற பாடத்தில் மீயொலி பற்றி ஒரு பகுதி வரும். காதுக்குக் கேட்காத ஒலியை உடம்புக்குள் அனுப்பினால் அது எங்கெங்கே மோதித் திரும்புகிறதோ அதை வைத்துப் படம் வரையலாம் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கர்வமும் இந்தத் தவறில் சேர்ந்தது.

என் மனைவி எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். எட்டாவது வரை படித்தவள். வலி என்று சட்டென்று சொல்லிவிட மாட்டாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் மாவு கரைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"கீழ என்னமோ எறங்கி நிக்கிற மாதிரி இருக்குங்க. ஒக்காந்தா பந்து மேல ஒக்காந்த மாதிரி இருக்கு."

"வாயுவா இருக்கும். மொச்சைக்கொட்டையைக் குறை" என்றேன்.

அத்தோடு விட்டிருப்பேன். கோயம்புத்தூரில் இருக்கும் மூத்த மகளிடம் அவள் என்ன சொன்னாளோ, மகள் போனில் என்னைப் பிடித்துக்கொண்டாள். இருமினால் அம்மாவுக்குத் துணி நனைகிறது, வெளியே கிளம்பும்போதெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வருகிறாள், இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா அப்பா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாது என்று மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், "தெரியும், தெரியும்" என்று சொல்லி வைத்தேன்.

பெண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார். பெண்களுக்கு இடுப்பு எலும்புக்குக் கீழே தசைகள் சேர்ந்து ஒரு சேலைத் தொட்டில் போலக் கட்டியிருக்கும். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் இருக்கின்றன. பிரசவத்தில் அந்தத் தொட்டில் தளர்ந்தாலோ ஒரு பக்கம் அறுந்தாலோ மேலே இருப்பவை கீழே இறங்கும். பல பேர் இதை வெளியே சொல்வதே இல்லை. எது இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு ஸ்கேனில் பார்த்துவிடலாம், எடுத்து வந்து காட்டுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேனுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "அங்க போயி எதுவும் நனைச்சு வச்சிராத. நாலு பேரு இருக்கிற எடம். அடக்கிக்க."

அவள் தலையை ஆட்டினாள். இந்த ஒரு வார்த்தை என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்கேன் எடுத்த மருத்துவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். "சார் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் அசையவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்துகிறவன், இயற்பியல் ஆசிரியர் வேறு, அவளுக்கு விளக்கிச் சொல்ல நான் இருந்தால் நல்லது என்றேன். அந்தம்மா அதற்கு மேல் வாதாடவில்லை. மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம், அவள் தலைமாட்டில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. சுவரில் இருந்த திரையில் படம் தெரியும்.

கேள்விகளை அவர் அவளிடம்தான் கேட்டார். பதில் எல்லாம் நான் சொன்னேன். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். மனைவியை டாக்டரிடம் கூட்டிப் போனால் புருஷன்தான் பேசுவான். அவளுக்கு என்ன செய்கிறது என்பதையும் அவனே சொல்வான். அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எத்தனை பிரசவம்மா?"

"மூணு" என்றேன் நான்.

"ஆயுதம் போட்டு எடுத்தது ஏதாவது?"

"எல்லாம் நார்மல்."

என் மனைவி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். மூத்த மகள் பிறந்தது உசிலம்பட்டியில், இடுக்கி போட்டு இழுத்தெடுத்த ஆயுதக் கேஸ் என்று எனக்கு நினைவே இல்லை. அப்போது நான் வெளியூரில் ஒரு தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன்.

"இருமும்போது, தும்மும்போது யூரின் கசியுதாம்மா?"

"எப்பவாவது" என்றேன்.

இந்த ஸ்கேனை வயிற்றின் மேல் வைத்து எடுப்பதில்லை. படுக்க வைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கருவிக்கு உறை மாட்டிக் கீழே வெளிப்புறமாக வைத்து எடுக்கிறார்கள். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் திரையில் மட்டும் கண் வைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஒரு படம். இடது பக்கம் எலும்பின் முனை, அதன் பக்கத்தில் கறுப்பாகச் சிறுநீர்ப்பை. "பாத்தியா, தண்ணி இருக்கிற எடம் கறுப்பாத் தெரியும். அங்க எதிரொலி கெடையாது" என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். கூரையைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு.

"இப்ப நல்லா முக்குங்கம்மா" என்றார் மருத்துவர்.

படம் அசைந்தது. ஆனால் கீழ்நோக்கி அல்ல.

"அம்மா, அடக்குறீங்க. அடக்காதீங்க. வெளிக்கிப் போற மாதிரி முக்குங்க."

மறுபடியும் அதே அசைவு. மூன்றாவது முறையும் அப்படியே. அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. அவள் முக்கவில்லை. உடம்பில் இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நான் சொன்னது போல அடக்கிக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. ஆங்கிலத்தில். வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று வாசித்தேன். குறிப்பிடும்படியான இறக்கம் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொரு வரி. நோயாளி முக்காமல் தசையை இறுக்கிக்கொள்வதால் இந்தச் சோதனை முழுமையானதல்ல, தகுந்த சூழ்நிலையில் மறுபடி எடுக்க வேண்டும்.

"என்ன போட்டுருக்கு?" என்றாள்.

"எறக்கம் எதுவும் இல்லைன்னு போட்டுருக்கு. எல்லாம் நல்லா இருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல."

மின்சுற்றை மூடாமல் ஒரு பையன் அளவீடு எடுத்து வந்தால் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டு, திரும்ப எடுத்து வா என்று அனுப்பியவன் நான். அந்த இரண்டாவது வரியின் பொருள் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. ஆனால் மறுபடியும் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கிற நடைக்கூடத்தில் வந்து காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் என்னை யாராவது பழைய மாணவன் பார்த்துவிடுவானோ என்று காலையிலிருந்தே கூச்சமாக இருந்தது. ஒன்றுமில்லை என்று எழுதியிருப்பது எனக்கு வசதியாக இருந்தது. இவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்தால் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இல்லை.

ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டவும் இல்லை. ஸ்கேனே நல்லா இருக்குன்னு சொல்லியாச்சு, டாக்டர் எதற்கு என்றேன். அவள் சரி என்றாள். மகளிடமும் அதையே சொன்னேன். ரிப்போர்ட் பீரோவுக்குள் போனது.

அடுத்த மூன்று வருடம் அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது. முதலில் அவள் சொல்லும்போதெல்லாம் எடுத்துக் காட்டினேன். பிறகு எடுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பீரோ பக்கம் கையை நீட்டினால் போதும், அவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

ஒருநாள் பரவை மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தோம். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் குனிந்தவள் நிமிராமல் அப்படியே குத்த வைத்துவிட்டாள். கடைக்காரப் பெண் பதறிப்போய்ச் சாக்கை விரித்து உட்கார வைத்தாள்.

"தண்ணி குடிக்கா. மொகம் வெளிறிக் கெடக்கு. என்ன செய்யுது?"

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. ஸ்கேனெல்லாம் எடுத்துப் பாத்தாச்சு" என்றேன்.

கடைக்காரப் பெண் தராசைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஸ்கேன்ல இல்லைன்னா வலிக்காதா சார்? வலிக்கிது அவுகளுக்கு, சொல்றது நீங்க. நல்ல கூத்தா இருக்கே."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் மார்க்கெட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

அதன்பின் ஒவ்வொன்றாக நின்றது. கோயிலுக்கு வரவில்லை. பக்கத்துத் தெரு விசேஷங்களுக்கு நான் மட்டும் போய் மொய் எழுதி வந்தேன். கடைசியில் அவளுடைய தம்பி மகள் கல்யாணம் வந்தது. ஒரே தம்பி. அவள் தூக்கி வளர்த்த தம்பி. அத்தைக்காரி இல்லாமல் அந்த வீட்டில் கல்யாணப் பெண்ணை மணவறைக்கு அழைத்து வர மாட்டார்கள். எழுமலைக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய், விடிகாலையிலிருந்து மத்தியானம் வரை நிற்க வேண்டும். முதல் நாள் சேலையெல்லாம் எடுத்து வைத்தவள், கிளம்பும் நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

"ஏன்?" என்றேன்.

"முடியலங்க."

"ஒனக்கு ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட்டு இருக்கு. டவுனுக்கு வந்ததும் ஒனக்குக் கொழுப்பு."

எடுத்து வைத்த சேலையை அவள் திரும்ப உள்ளே வைத்தாள். நான் தனியாகப் போனேன். ஏன் அக்கா வரவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், "அவளுக்கு மனசில்ல, அதான் வரல" என்றேன். தம்பி முகம் இருண்டு போனது. அதற்குப் பிறகு அவன் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. பொங்கலுக்கு வருடம் தவறாமல் கொண்டு வந்து போடும் கரும்புக் கட்டும் வரவில்லை. அந்தப் பொங்கலன்று மாடியில் துணி காயப் போடும்போது அவள் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் கீழே இருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேப்பர் படித்தேன்.

எனக்குப் புத்தி வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அது கொஞ்சம் சிரிப்பான விஷயம்தான்.

நான்கு வருடத்துக்கு முன்பு எனக்குச் சிறுநீர் பிரிவதில் சிரமம் வந்தது. இந்த வயதில் ஆண்களுக்கு வருகிற அதே கோளாறுதான். சிறுநீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்று அளக்க ஒரு சோதனை எழுதிக் கொடுத்தார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, வயிறு முட்டிய பிறகு ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப் போனார்கள். ஒரு புனல், அதன் கீழே ஒரு மெஷின். அதை இயக்குகிறவர் கதவோரம் நின்றுகொண்டார்.

"போங்க அய்யா" என்றார்.

நின்றேன். ஒன்றும் வரவில்லை.

"முட்டுதுன்னு சொன்னீங்களே."

"முட்டுதுப்பா. வரல."

"இன்னொரு தம்ளர் குடிக்கிறீங்களா?"

"குடிச்சா வெடிச்சிரும்."

அவர் சிரித்துவிட்டார். "ஆளு நின்னா வராது அய்யா. எம்புட்டுப் பெரிய ஆபீசரா இருந்தாலும் அப்படித்தேன். நான் வெளிய போறேன், நீங்க கதவைச் சாத்திக்கங்க. கூச்சத்தோட எடுத்தா மெஷினு தப்பாத்தேன் காட்டும். அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக் குப்பையில போட வேண்டியதுதேன்."

கதவு சாத்தியதும் சிறுநீர் தானாக வந்தது. அதன் கூடவே எனக்குக் கண்ணீரும் வந்தது. அவள் நெற்றியில் நின்ற வியர்வை ஞாபகம் வந்தது. அந்த அறையில் அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் நான். நின்றதோடு இல்லாமல், அடக்கிக்கொள் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போனவன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து சீனிவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஃபைலைப் பார்த்ததும், "இன்னிக்கு நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள்.

அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அந்த இரண்டாவது வரியை ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். இது அன்றைக்கே இருந்தது, அன்றைக்கே படித்தேன், உனக்குச் சொல்லவில்லை என்றேன்.

அவள் கை நின்றது.

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல."

"நான் பொய் சொல்லலைன்னு ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள். "மெஷின்லயே ஒண்ணுமில்லைன்னு வந்துருச்சே, நமக்குத்தான் கிறுக்குப் புடிச்சிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன். தெனமும் குளிக்கையில கையில தட்டுப்படும். அப்பவும் நம்ப மாட்டேன். எங்கைய நானே நம்பல."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழவில்லை. காயைக் கிள்ளி முடித்து எழுந்து போனாள். அன்று சாப்பாடு வைத்தாள். மறுநாளும் வைத்தாள். பதினோரு நாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் காபியை வைத்துவிட்டு, "அந்த ஸ்கேனுக்குத் திரும்ப எப்பப் போறோம்?" என்று கேட்டாள்.

அதே சென்டருக்குத்தான் போனோம். அதே பெண் மருத்துவர். அறைக்குள் நுழைவதற்கு முன்பு அவரிடம் நான் மட்டும் பேச அனுமதி கேட்டேன். போன முறை கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் தப்பு, அவளை அடக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பியதும் நான்தான், இரண்டாவது வரியை மறைத்ததும் நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நெறையப் பேரு இப்படித்தான் சார். நீங்க சொல்றீங்க, அவங்க சொல்றதில்ல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அது மன்னிப்பா குட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் வெளியே நடைக்கூடத்தில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே பேசுவது கொஞ்சம் கேட்டது.

"அடக்காதீங்கம்மா. நனைஞ்சா நனையட்டும். கீழ துண்டு விரிச்சிருக்கேன், அது அதுக்குத்தான்."

"நெசமாவே நனைஞ்சிரும்மா."

"நனையட்டும்னுதான் சொல்றேன். இங்க தெனமும் பத்துப் பேரு நனைக்கிறாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் என்ன ஒசத்தி?"

என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தைந்து வருடத்தில் அவளை இப்படிச் சிரிக்க வைக்க, எதையும் அடக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்ல, எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

சிறிது நேரம் கழித்துக் கதவு திறந்தது. "சார், அம்மா உங்களைக் கூப்பிடச் சொன்னாங்க" என்றார் மருத்துவர். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். "படத்தை அவருக்குக் காட்டிருங்க டாக்டரம்மா. பௌதிக வாத்தியாரு. கண்ணால பாத்தாத்தேன் நம்புவாரு" என்றாள்.

இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று சும்மா படுத்திருக்கும்போது. இன்னொன்று முக்கும்போது. முதல் படத்தில் எலும்பின் முனைக்கு மேலே இருந்த அந்தக் கறுப்பு, இரண்டாவதில் சரிந்து எலும்பைத் தாண்டிக் கீழே வந்து தொங்கியது. கர்ப்பப்பையும் கூட இறங்கியிருந்தது. மூன்றாவதாகக் குறுக்கே எடுத்த ஒரு படம். அதில் தொட்டில் தசை இரண்டு பக்கமும் எலும்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. வலது பக்கம் வெறும் இடைவெளி.

"இங்க எலும்பை விட்டுப் பிய்ஞ்சிருக்கு" என்றார். "இது இப்ப ஆனது இல்ல சார். ஆயுதம் போட்டு எடுத்தாங்கன்னு அம்மா சொன்னாங்க. பெரும்பாலும் அந்தப் பிரசவத்துலதான் ஆயிருக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு நாள் ஓய்வா இருந்தாங்க?"

இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் சொன்னாள். "நாப்பது நாளு. அப்புறம் இவருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கலைன்னு லெட்டர் போட்டாரு, வந்துட்டேன்."

உண்மை. அப்போது நாங்கள் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். தண்ணீர் தெருக் குழாயில்தான். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு வாளி என்று தினமும் எட்டு நடை ஏறுவாள். நான் மேலே உட்கார்ந்து அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பேன். அவள் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்ட நாளும் உண்டு. அந்தக் காயத்தில் எனக்கு எவ்வளவு பங்கு என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் படங்களோடு பெண் மருத்துவரிடம் போனோம். கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். தொடக்கத்தில் திணறினாள், பிறகு சரளமாக வந்தது. ஒரு பக்கம் தசை பிய்ந்திருப்பதால் அறுவை சிகிச்சை செய்தாலும் திரும்ப இறங்க வாய்ப்பு கொஞ்சம் அதிகம், அதனால் அவசரப்பட வேண்டாம், முதலில் இறங்குவதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ஒரு வளையம் வைத்துப் பார்க்கலாம், கூடவே தசைக்குப் பயிற்சியும் செய்யலாம் என்றார் அவர். ஸ்கேன் எடுத்ததால்தான் இதை முன்கூட்டியே சொல்ல முடிகிறது என்றும் சொன்னார். என்ன செய்யலாம் என்று அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வளையம் வைங்க" என்றாள்.

வளையம் வைத்த அன்று மாலை வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்து பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "பந்தைக் காணோம்" என்றாள்.

உடம்புக்கு ஒரு வழி பிறந்தது. ஆனால் அவளுடைய தம்பி வீட்டு வாசல் சாத்தியேதான் கிடந்தது. அதைச் சாத்தியதும் நான்தான். எழுமலைக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் முகம் மாறியது.

"என்ன கோளாறுன்னு அங்க போயிச் சொல்ல வேணாம். ஊரு பூரா எந்துணியப் பத்திப் பேச வேணாம்."

"அப்ப என்னத்தச் சொல்ல?"

"தப்பு ஒங்களதுன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தேன். அதுக்குக் காரணம் எதுக்கு?"

காரணம் சொல்லாமல் தவறை மட்டும் ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பதை எழுமலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும் உணர்ந்தேன். காரணம் என்பது ஒரு குடை மாதிரி. அது இல்லாமல் நனைய வேண்டும்.

மைத்துனன் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். கால் கழுவிக்கொண்டே, "வாங்க மச்சான்" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரை மொண்டு ஊற்றினான். அவன் மனைவியும், கல்யாணமாகி மாசமாக இருந்த அந்த மகளும், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரும் இருந்தார்கள். கல்யாணத்தில் நான் பேசியது எல்லோர் காதிலும் விழுந்தது என்பதால், எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"மாப்ள, கல்யாணத்துக்கு ஒங்க அக்கா வராதது அவ தப்பில்ல. அவளுக்கு ஒடம்பு முடியல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சே, அவளுக்கு மனசில்லைன்னு இங்க வந்து பொய் சொன்னேன். என்ன ஏதுன்னு கேக்காதீங்க. தப்பு என்னோடது."

கன்றுக்குட்டி ஒன்று மட்டும் கத்திக்கொண்டிருந்தது. மைத்துனன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா."

"நெசமாவா? இல்ல இதும் நீங்க சொல்றதா?"

குத்தியது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். நான் போனை எடுத்து அவளுக்குப் போட்டு அவன் கையில் கொடுத்தேன். அவன் தொழுவத்துப் பக்கம் போய்விட்டான். அரைமணி நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"நாப்பத்தஞ்சு வருசத்துல, 'தப்பு என்னோடது'ன்னு ஒங்க வாயால இன்னிக்குத்தேன் மச்சான் கேக்குறேன்" என்றான். பிறகு உள்ளே பார்த்து, "ஏத்தா, வாத்தியாருக்குக் கோழி அடிங்க. இந்த மாதிரி நாளு இன்னொண்ணு வருமோ வராதோ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மகளுக்கு வளைகாப்பு. என் மனைவி முதல் நாளே போய்விட்டாள். நான் மறுநாள் போய்ச் சேர்ந்தபோது அவள் கூடத்தில் நின்று பெண்ணுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்ததைப் பார்த்தேன். வெளியூரில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு அந்தப் பெண்ணைத் தனியே உள்ளறைக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினாள் என்று கேட்டேன். "அது எங்க பேச்சு" என்றாள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளையத்தைப் பரிசோதிக்கப் போகிறோம். நாளைக் குறித்து வைப்பது, கூட்டிப் போவது, வெளியே காத்திருப்பது என் வேலை. உள்ளே போவது அவள் மட்டும். தண்ணீர் கேன், அரிசி மூட்டை, ஈரத்துணி வாளி எதையும் அவள் தூக்குவதில்லை. என் முதுகு தாங்குகிற வரை நான் தூக்குகிறேன். நடைக்கூடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவனை ஒருநாள் பார்த்தேன். மனைவிக்குத் துணையாக வந்திருந்தான். டாக்டர் கூப்பிட்டதும் அவளோடு அவனும் எழுந்தான். நீ வெளியே இரு என்று சொல்லலாமா என்று நினைப்பதற்குள் இருவரும் உள்ளே போய்விட்டார்கள். அன்று முழுதும் அது என் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அவள் என்னை மன்னித்துவிட்டாளா என்று ஒருமுறை கேட்டே விட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்தாள். "ஒங்க மேல கோவமில்ல" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தக் கல்யாணம் போனது போனதுதானங்க" என்றாள்.

அவள் பார்க்காமல் போன கல்யாணத்தை என்னால் திரும்ப நடத்தித் தர முடியாது. எனக்கு மிச்சமிருக்கிற நாட்களில், அவள் தனக்கு ஒன்று செய்கிறது என்று சொன்னால் ஆதாரம் கேட்காமல் நம்புவது ஒன்றுதான் என்னால் அவளுக்குத் தர முடிந்தது, அதையும் நாற்பத்தைந்து வருடம் தாமதமாகத்தான் தருகிறேன்.